கேனா, காண்ட்டா?

நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருடன் போனில் பேசி முடித்து, "ஓகே சொல்லிட்டாருங்க மேடம்" என்று நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள். எப்போதாவது கம்பெனிக்கு வந்து உங்களோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறவள். ஆனாலும் அந்த 'ஓகே' காதில் விழுந்தால் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அவர் எந்த வார்த்தையில் சொன்னார், அப்படியே சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றும். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று நினைத்துக்கொள்வீர்களோ என்று இதுவரை கேட்டதில்லை. ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலீஷ் என்பது ஒரே பாஷை என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எழுதும்போது ஒன்றுதான். வாயைத் திறந்தால் ஊருக்கு ஒன்று. ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் "டுடே" என்று சொன்னது என் காதில் "டு டை" என்று விழுந்து, யார் சாகப்போகிறார்கள் என்று பதறியிருக்கிறேன். நியூசிலாந்து அம்மா ஒருவர் பேனா கேட்டார். அவர் வாயில் 'பென்' என்பது 'பின்' என்று வந்தது. நான் குண்டூசி டப்பாவை எடுத்து நீட்டினேன். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் 'அவுட்' என்பதை 'ஊட்' என்பார். "நான் கொஞ்சம் ஊட் போகிறேன்" என்று அவர் எழுந்ததும் எங்கள் பேக்கிங் மாஸ்டர், "ஏனுங்க, அதுக்குள்ள ஊட்டுக்குப் போறாருங்களா?" என்று கவலைப்பட்டார். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். இவற்றுக்கு முன்னால் நடந்த ஒன்றைத்தான் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பாவுக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் முழுக்க ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோடு விளையாடியதால் எனக்கு இங்கிலீஷ் பேசக் கூச்சம் கிடையாது. அது ஒன்றுதான் என் தகுதி.

எங்கள் முதலாளி குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துக்காரர். உள்நாட்டு வியாபாரம் போதாது, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காக அமெரிக்காவிலிருந்து துணி பின்னும் ஒரு நிட்டிங் மெஷினை வரவழைத்தார். அரசாங்க அனுமதிக்கு அலைந்ததிலேயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். மெஷின் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கியது. அதைப் பூட்டி ஓடவைக்க ஒரு மெக்கானிக்கும் வந்து சேர்ந்தார்.

டேல் என்று பெயர். அமெரிக்காவின் தென்பகுதிக்காரர். நெட்டையான, வெயிலில் சிவந்த மனிதர். பனியன் ஊசிகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர் போல அந்த மெஷினைத் தொடுவார். பேச்சு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற இங்கிலீஷ் எங்களுக்குப் புரியும். இவர் ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, வளைத்து, பாதியை விழுங்கிவிடுவார். அவருக்குப் பேச்சுத் துணையாக முதலாளி தன் அக்கா மகன் சென்னியப்பனை வைத்தார். கோயமுத்தூரில் பி.ஏ. படித்தவன். நல்ல பையன், கெட்டிக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்ததைக் கேட்டுவிட்டு அவனை யாரும் மட்டமாக நினைக்கக் கூடாது.

மெஷின் ஓடப்போகிறது என்று எல்லோரும் நாட்கணக்கில் காத்துக்கொண்டிருந்தோம். முதலாளி தினமும் காலையில் மெஷினுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, "இன்னைக்கு ஓடீருமா மாப்ள?" என்று சென்னியப்பனைத்தான் கேட்பார். அன்றைக்குக் காலையிலும் கேட்டார். டேல் மெஷினுக்குள் கையை விட்டு ஒரு ஊசியை மாற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் இங்கிலீஷில் கேட்டதற்குத் தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னார். சென்னியப்பன் காதில் "யூ கேன் ரன்" என்று விழுந்தது. கை உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் முகம் மலர்ந்து, மறுபக்கம் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டரிடம், "போடுங்கண்ணா" என்றான்.

எனக்கு ஆபீஸ் அறையில் டைப் அடிக்கிற சத்தத்தையும் மீறி அந்த அலறல் கேட்டது.

ஆப்பரேட்டர் உடனே நிறுத்திவிட்டார். அதனால் விரல் தப்பியது. நடுவிரல் நுனியில் சதை கிழிந்து, நகம் பாதி பெயர்ந்திருந்தது. கிரீஸும் ரத்தமும் கலந்து வழிந்தன. டேல் யாரையும் திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த வேஸ்ட் துணியைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டார். டாக்டரிடம் போகலாம் என்று முதலாளி கெஞ்சினார்; வேண்டாம் என்று கையை வீசிவிட்டார். சென்னியப்பன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். "ஓட்டலாம்னுதாங்க மாமா சொன்னாரு. என் காதுல கேட்டேனுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை முதலாளி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அம்மிணி, நீதான் அவருகூட நிக்கோணும்."

"எனக்கு மெஷினப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"மெஷினத் தெரிஞ்சவிய இருக்கறாங்க. அவரு பேசறது புரியற ஆளுதான் இல்ல."

எனக்கும் புரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன். அன்று முழுவதும் டேலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் என்ன சொன்னாலும், "ஸ்டாப்? ஆர் ரன்?" என்று கேட்பேன். அவரும் பொறுமையாக இரண்டில் ஒன்றைச் சொல்வார். அவர் மெஷினுக்குள் கை விட்டிருக்கும்போதெல்லாம் நான் ஸ்விட்சை மறைத்துக்கொண்டு நின்றேன். ஆப்பரேட்டர், "ஏனுங்கம்மிணி, நான் என்ன கொலைகாரனுங்களா?" என்று மனம் நொந்து கேட்டார்.

மதியம் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். "ஐ கின் ட்ரிங்க் திஸ் ஆல் டே" என்பது போல எனக்குக் கேட்டது. நாள் முழுக்க இதைக் குடிப்பேன் என்கிறார், சரி. ஆனால் அந்த 'கின்' எனக்குள் எங்கோ உறுத்தியது. 'கேன்' என்பதைத்தான் இவர் 'கின்' என்கிறாரா? அப்படியானால் நேற்றுச் சென்னியப்பன் கேட்ட 'கேன்' எது?

உங்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நாம் 'முடியும்' என்பதற்குக் 'கேன்' என்போம். 'முடியாது' என்பதற்குக் 'காண்ட்' என்போம். இங்கிலாந்துக்காரர்கள் பழக்கிவிட்டது அது. டேலின் ஊரில் 'காண்ட்' என்பதைக் 'கேய்ண்ட்' என்பார்கள். கடைசி 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். மிஞ்சுவது 'கேய்ன்'. அதாவது அவர் 'முடியாது' என்று சொல்வது நம் காதில் 'முடியும்' என்று விழும். இதை இன்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்தது வெறும் சந்தேகம்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. உளறுகிறேன் என்று நினைப்பார்களே என்ற பயம்.

அடுத்த நாள் டேல் வேலைக்கு வரவில்லை. முதலாளி வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். முதலாளியின் சம்சாரம் இட்லியோடு மேலே போய்ப் பார்த்துவிட்டு, "கைய தொட முடியலீங்க, அனலாக் கொதிக்குது" என்று இறங்கி ஓடிவந்தார். விரல் வீங்கி, சிவப்பு முழங்கைவரை ஏறியிருந்தது. காரில் ஏற்றி, காதர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனோம். முதலாளி முன்னால் உட்கார்ந்து வழி முழுவதும், "சாமி, ஒறம்பரைக்கு வந்தவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று விருந்தாளிக்காக வேண்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர். மெட்ராஸில் படித்தவர். எனக்குத் தெரிந்ததைவிட நல்ல இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். அவர் இருக்கிறார் என்றதும் என் பொறுப்பு முடிந்தது என்று மூச்சு விட்டேன். டேலை மேஜையில் படுக்கவைத்துக் கட்டைப் பிரித்தார். "சீழ் பிடிச்சிருக்கு. உடனே பென்சிலின் போட்டாகணும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு ஊசியில் மருந்தை ஏற்றினார். வெளியே நெரிசலான கூட்டம். அழுகிற குழந்தைகள். கம்பவுண்டர் வாசலில் நின்று அடுத்த ஆளைக் கூப்பிடத் தயாராக இருந்தார்.

"பென்சிலின், மிஸ்டர் டேல்" என்றார் டாக்டர்.

டேலுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே முனகினார். "ஐ கேய்ன் டேக் பென்சிலின்."

"குட், குட்" என்றார் டாக்டர். பிறகு எங்களைப் பார்த்து, "ஒத்துக்குமாம். நல்லதாப் போச்சு."

தான் சொன்னதைக் கேட்டு டாக்டர் வேறு மருந்து போடுவார் என்று டேல் நம்பிவிட்டார். நிம்மதியாகக் கையை நீட்டினார். கம்பவுண்டர் பஞ்சால் தேய்த்தார்.

கேய்ன். நேற்று அவர் சொன்னது கின். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் அவருக்கு இப்போது காய்ச்சல், நாக்குக் குழறுகிறது, நான் எதை நம்புவது? நான் நினைப்பது தப்பாக இருந்தால் ஒரு டாக்டரை ஊசி கையில் இருக்கும்போது நிறுத்தியவள் ஆவேன். சரியாக இருந்து பேசாமல் நின்றால்? அந்த எண்ணத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"அவர் கேன்னு சொன்னாரா, காண்ட்னு சொன்னாரான்னு எனக்குத் தெரியலீங்க."

"நான் கேட்டேனேம்மா. கேன்னுதான் சொன்னார்."

"அம்மிணி, டாக்டரு வேலைல குறுக்க போகாத" என்றார் முதலாளி. குரலில் கோபத்தைவிடக் கலவரம்தான் இருந்தது. "கை பூரா ஏறுதுங்குறாரு, நீ வேற."

நான் விடவில்லை. "அன்னைக்கு மெஷின்ல சென்னியப்பன் கேட்டதும் இதே வார்த்தைதானுங்க. ஓட்டலாம்னுதான் கேட்டுது."

முதலாளி என்னையே பார்த்தார். அந்த வேஸ்ட் துணி சிவந்ததை அவரும் பார்த்தவர். அவரே மேஜைக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "டாக்டருங்க, கோவிச்சுக்காதீங்க. சித்த பொறுங்க. மறுக்காக் கேட்டுப் பார்த்துரலாமுங்க."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார், டேலைப் பார்த்தார். பிறகு குனிந்து, முன்பு பென்சிலின் போட்டபோது உனக்கு என்ன ஆயிற்று என்று நிதானமாக இங்கிலீஷில் கேட்டார்.

டேல் சொன்னார்: "ஐ லாக் டு டாட்."

டாக்டர் இன்னும் குனிந்து காதைக் கொடுத்தார்.

"லைக்குங்கறார்" என்றார் டாக்டர் மெதுவாக. "பிடிக்கும்கறாரா? டாட்னா... அவங்க அப்பாவா?"

"அப்பாவக் கூப்புடறாருங்களா?" என்று முதலாளி கேட்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊரில் 'செத்துப் பிழைத்தேன்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்பது பல வருஷம் கழித்து இன்னொரு அமெரிக்கர் சொல்லித்தான் தெரியும். 'லைக்' அவர்கள் வாயில் 'லாக்' ஆகும்; செத்தேன் என்கிற 'டைட்', 'டாட்' ஆகிவிடும். அன்று அந்த அறையில் டாக்டருக்கும் எனக்கும் இங்கிலீஷ் தெரியும், இருவருக்கும் அவர் சொன்னது தெரியவில்லை. இனி எதைக் கேட்பது?

டாக்டர்தான் வழி கண்டுபிடித்தார். டேலின் தோளைத் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்தார். ஊசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "திஸ். பென்சிலின்" என்று இரண்டே வார்த்தை சொன்னார்.

டேலின் கண்கள் பெரிதாயின. நீட்டியிருந்த கையை வெடுக்கென்று இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். காயம் பட்ட கையாலேயே தன் தொண்டையை இறுக்கிப் பிடித்துக் காட்டினார்; நாக்கை வெளியே தள்ளினார்; மூச்சுக்குத் திணறுவதுபோல மார்பைத் தூக்கினார். அதற்குப் பிறகு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். முதலாளி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

விரலைக் கீறிச் சீழை எடுத்து, வேறு மருந்து கொடுத்தார் டாக்டர். அது பிடிக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, காய்ச்சல் இறங்காவிட்டால் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஊசிய ரெடி பண்ணி வெச்சுட்டேன் பாரு, அதனாலதான் கேன்னு கேட்டுது" என்றார். "சும்மா இருந்தப்ப கேட்டிருந்தா ஒருவேளை சந்தேகம் வந்திருக்கும்."

அந்த ஒரு பேச்சை நான் முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டு வேலை பார்த்தேன். சென்னியப்பனுக்கும் அதேதான் நடந்தது. மெஷின் ஓட வேண்டும், மாமா முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்று அவன் மனசு தவித்துக்கொண்டிருந்தது. அதனால் ஓட்டலாம் என்றே கேட்டது. உங்களுக்கும் ஷிப்மெண்ட் கிளம்பியாக வேண்டும். பையர் சரியென்று சொல்லிவிட வேண்டும் என்று உயிர் துடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் போன் அடிக்கும். அந்த நேரத்துக் காதை நம்பாதீர்கள். வேண்டிய பதில் கிடைத்ததும் போனை வைக்காதீர்கள். அவர் சொன்னதை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லி, இதுதானே என்று கேளுங்கள். 'முடியுமா' என்று கேட்காதீர்கள். 'என்ன செய்யட்டும்' என்று கேளுங்கள். புரியவில்லை என்று சொல்லக் கூசினால், நான் சொன்ன இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் இறங்கும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முதலாளியின் சம்சாரம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைப்பார்; தொட்டுப் பார்ப்பார்; உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கி வருவார். நான் தடுத்ததால் ஏற்பட்ட தாமதம்தான் அவரைக் கொன்றுவிடுமோ என்று புதிதாகப் பயந்தேன். பென்சிலினைத் தடுத்தது சரி, ஆனால் அதைவிட்டால் இந்த மருந்து அவரைக் காப்பாற்றுமா? ஒரு காலையில் அந்த அம்மா மாடிப்படியில் நின்றபடியே, "வேர்த்துருச்சு கண்ணு, நல்லா வேர்த்துருச்சு!" என்று கூவினார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

டேல் எழுந்து நடமாடியதும் முதலில் கேட்டது சென்னியப்பனைத்தான். முதலாளி ஆள் அனுப்பிக் குன்னத்தூரிலிருந்து வரவழைத்தார். வந்தவன் மெஷின் அறைக்குள் நுழைய மறுத்து வாசலிலேயே நின்றான். டேல் போய்த் தோளில் கை போட்டு அழைத்து வந்து ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு, கட்டுப் போட்ட கையை மெஷினுக்குள் விட்டார்.

முதலாளி, "வேண்டாமுங்க" என்று முன்னால் வந்தார். டேல் தலை குனிந்தபடி வேலை செய்துகொண்டே அவருடைய பாணியில் ஏதோ சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. சென்னியப்பன் ஸ்விட்சைத் தொடவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பி.ஏ. படித்த அவன், "சார், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். அகெய்ன் ப்ளீஸ்" என்றான்.

டேல் கையை வெளியே எடுத்தார். அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரன்" என்றார்.

மெஷின் ஓடியது. முதல் துணி இறங்கியபோது முதலாளி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சென்னியப்பன் பிற்பாடு சொந்தமாகக் கம்பெனி வைத்து, வெளிநாட்டுக்காரர்களோடு நேருக்கு நேர் பேசி வியாபாரம் செய்தான்.

டேல் கிளம்பும் நாளில் ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வண்டி நகரத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். புரியவில்லை. "அகெய்ன் ப்ளீஸ்" என்று கூடவே நடந்தேன். மறுபடி சொன்னார். அப்போதும் புரியவில்லை. மறுபடி கேட்டேன், சத்தமாகச் சொன்னார், இன்ஜின் ஊதியது. வண்டி வேகம் எடுத்துவிட்டது. நான் நின்றுவிட்டேன். நன்றாகப் புரிந்துகொண்டவள் போலச் சிரித்து, அவர் கண்ணுக்கு மறையும்வரை கையை ஆட்டினேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் கையிலும் ஊசி இல்லை, யார் கையும் மெஷினுக்குள் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நீங்களும் தாராளமாகத் தலையாட்டிக்கொள்ளுங்கள்.